ஐப்பசி அடைமழைக்கு எந்தப் பேயை எடுப்பது?

ஐப்பசி எனக்குக் கணக்கு மாதம். திருவனந்தபுரம் சாலைக் கம்போளத்தில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். தீபாவளிச் சரக்கு வரவும் போகவுமாக இருக்கும்போது பில் புத்தகத்தை விட்டுத் தலை நிமிர முடியாது. காலையில் குழித்துறையில் ரயில் ஏறினால் வீடு வந்து சேர ராத்திரி எட்டு, எட்டரை ஆகும். வந்தால் அடுப்பில் முந்திரிக்கொத்துக்குச் சிறுபயறு வறுபட்டுக்கொண்டிருக்கும். துவைத்த துணி மூன்று நாளாகக் காயாமல் கொடியில் கிடக்கும். மூச்சுவிட நேரமில்லாத இந்த மாதத்தில்தான் என் மனசு பேய்க்கதை கேட்கும். சித்திரை வெயிலில் பேய் எடுபடாது. மத்தியானம் மூன்று மணிக்கே வானம் கறுத்து, இடி இறங்கி, கரண்டும் போய்விடுகிற துலா மழைக்குத்தான் அது சரிப்படும்.

நான் பிறந்தது கன்னியாகுமரி மாவட்டத்துப் பூதப்பாண்டியில். "ஊர்ப் பேரிலேயே பூதம் இருக்கு, உங்களுக்கென்ன பயம்" என்று கடையில் கேலி செய்வார்கள். கேலி செய்கிறவர்களே சாயங்கால ரயிலில் பக்கத்தில் வந்து நின்று, "அக்கா, பேய்ப் புத்தகம் ஒண்ணு சொல்லுங்க, ரொம்பப் பெருசா வேண்டாம்" என்றும் கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னதை இங்கே ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன். பேய்க்கதைப் பக்கமே போகாதவர்களுக்கும், போய்ப் பாதியில் விட்டவர்களுக்கும் இது.

முதலில் மாதத்தை எண்ணுங்கள்

புத்தகத்தைத் தேடுவதற்கு முன்னால் காலண்டரை எடுங்கள். ஐப்பசிக்கு 29 அல்லது 30 நாள். தீபாவளிக்கு முன்னும் பின்னுமாக நாலு நாளைக் கழித்துவிடுங்கள். கத்தோலிக்க வீடு என்றால் அக்டோபர் முழுக்க ஜெபமாலை மாதம், சாயங்காலம் ஒரு மணி நேரம் அதற்குப் போகும். நவராத்திரி சில வருஷம் புரட்டாசியிலேயே முடிந்துவிடும், சில வருஷம் ஐப்பசிக்குள்ளும் வரும். எங்கள் பக்கத்தில் அதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. பழைய திருவிதாங்கூர் வழக்கப்படி அஷ்டமி சாயங்காலம் புத்தகங்களைப் பூஜைக்கு வைத்தால், விஜயதசமி காலையில் பூஜை எடுக்கிறவரை ஓர் எழுத்து வாசிக்கக் கூடாது. பத்மநாபபுரத்துச் சரஸ்வதியே வேளிமலை முருகனையும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையையும் கூட்டிக்கொண்டு திருவனந்தபுரத்துக்குக் கொலுவிருக்கப் போய்விடுகிற நாட்கள் அவை.

சின்ன வயதில் ஒருமுறை, பாதி வாசித்த பேய்ப் புத்தகத்தையும் பூஜை அடுக்கில் வைத்துவிட்டேன். ஆச்சி பார்த்துவிட்டாள். "எடு அத. சரஸ்வதி பக்கத்துல நீலியக் கொண்டு வைப்பியா?" ஆச்சி அந்தப் பக்கம் போனதும் அதைக் கணக்குப் புத்தகத்துக்கு அடியில் செருகினேன். அந்த வயதில் எனக்கு நீலிப் பேயைவிடக் கணக்குதான் பயம். இரண்டு நாள் கழித்து எடுத்து விட்ட இடத்திலிருந்து வாசித்தபோது கதையில் பயமே இல்லை. கிணற்றுக்குள் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கிற இடத்தில் நிறுத்தியிருந்தேன். மறுபடி எட்டிப் பார்த்தபோது அது வெறும் கிணறாக இருந்தது.

எதை எடுப்பது என்பதற்கு நான் வைத்திருக்கும் ஒரே அளவுகோல் அந்தக் கிணற்றிலிருந்து வந்ததுதான். குடும்பக் கதையை நாலு நாள் மூடி வைத்துத் திறந்தாலும் மாமியார் மாமியாராகவே இருப்பாள். பேய் அப்படி இருக்காது, இடையில் எழுந்துபோனால் அதுவும் போய்விடும். ஆகவே எவ்வளவு பயங்கரமான புத்தகம் என்று கேட்காதீர்கள். ஒரே இருப்பில் எனக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும் என்று முதலில் கேளுங்கள்.

எட்கர் ஆலன் போ இதை 1846இல் ஒரு கட்டுரையிலேயே எழுதிவைத்தார். ஒரே இருப்பில் முடிக்க முடியாத எழுத்து, நடுவில் உலக விவகாரம் புகுந்து, மொத்தமாகத் தரவேண்டிய உணர்வை இழந்துவிடும் என்பது அவர் வாதம். அவர் கவிதையை வைத்துச் சொன்னார். பால் பொங்குகிற சத்தம் கேட்டு எழுந்து ஓடுகிற வீட்டில் பேய்க்கதைக்குத்தான் அது அப்படியே பொருந்துகிறது.

உங்கள் இருப்பை அளந்துகொள்ளுங்கள்

ஒரு நாள் கடிகாரம் பார்த்து வாசித்துப் பாருங்கள். எனக்குத் தமிழ் என்றால் ரயிலில் ஒரு மணி நேரத்தில் முப்பது பக்கம் போகும். மலையாளம் பாதிதான். ஆங்கிலம் நாளைப் பொறுத்தது.

அரை மணி மட்டுமே கிடைக்கிறவர்கள் சிறுகதையைத் தாண்ட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணி நேரம் கதவைச் சாத்திக்கொள்ள முடியும் என்றால் குறுநாவல் எடுக்கலாம். தினம் அரை மணி, ஆனால் நாள் தவறாமல் கிடைக்கும் என்றால் ஒரு தந்திரம் இருக்கிறது. டயரியும் கடிதமுமாக எழுதப்பட்ட நாவல் எடுங்கள். அதில் இடைவெளி ஏற்கெனவே கதைக்குள்ளேயே இருக்கிறது. எழுதுகிற ஆளும் டயரியை மூடிவிட்டுத் தூங்கப் போகிறான். நீங்களும் மூடிவிட்டுச் சோறு பொங்கப் போகலாம்.

இதைத் தெரிந்துகொள்ள நான் ஒரு ஐப்பசியைத் தொலைத்தேன். நானூறு பக்கச் சொச்ச நாவல், பெரிய வீடு, பரம்பரைச் சாபம், ஏகப்பட்ட பங்காளிகள். தீபாவளிக்கு முன்னால் நூற்றுச் சொச்சம் பக்கம் வந்துவிட்டேன். பலகாரம், விருந்து, அண்ணன் மைனி வந்துபோனது எல்லாம் முடிந்து திரும்பி எடுத்தால் செத்தது யார், செத்த பிறகு வருவது யார் என்று பிடிபடவில்லை. முதலிலிருந்து தொடங்க மனசு வரவில்லை. அது இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது.

எந்தப் பயம் உங்களுக்குப் பிடிக்கும்?

பேய்ப் புத்தகம் என்று மொத்தமாகச் சொல்கிறோமே தவிர, அதற்குள்ளும் சாதி பல. உங்கள் சாதி எது என்று கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும். ராத்திரி கொல்லைப் பக்கம் சத்தம் கேட்டால் முதலில் என்ன தோன்றும்? யாரோ நிற்கிறார்கள் என்று தோன்றினால் நீங்கள் ஊர்ப்பேய்க்காரர். 'எனக்குத்தான் அப்படிக் கேட்கிறதோ' என்று தோன்றினால், நிஜமா மனப்பிரமையா என்று கடைசிவரை சொல்லாத கதைதான் உங்களுக்கு. டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்ப் பார்க்கிற ஆள் என்றால் துப்பறிதல் கலந்த மாந்திரீக நாவல். சிரிப்பு வந்தால் கலிங்கத்துப்பரணி. வேடிக்கைக்குச் சொல்லவில்லை, அதற்கும் வருகிறேன்.

ஊர்ப்பேய்க்காரர்கள் வெளியே தேடிப் போக வேண்டாம். எங்கள் மாவட்டத்தில் கள்ளியங்காட்டு நீலி இருக்கிறாள். முப்பந்தலில் இசக்கி இருக்கிறாள். கொடை விழாவில் வில்லுப்பாட்டுக்காரர் குடத்தில் தாளம் தட்டி நீலி கதை பாடும்போது, பக்கத்தில் இருக்கிற பாட்டாவின் துண்டைப் பிடித்துக்கொள்ளாத பிள்ளை கிடையாது. கள்ளிக்கொப்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "இவர்தான் என் புருஷன்" என்று வழிப்போக்கன் ஒருவனைக் காட்டி அவள் ஊர்ப் பெரியவர்கள் முன்னால் அழுகிற இடத்தில் எனக்கு இப்போதும் மயிர் கூச்செறியும். அவள் கோரைப்பல்லைக் காட்டும்போதுகூட அவ்வளவு பயமில்லை. அந்த அழுகையை எல்லாரும் நம்புகிறார்களே, அதுதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இதே நீலிக்கு தமிழ்நாட்டின் மறுகோடியில், ஆந்திர எல்லையை ஒட்டித் திருவாலங்காட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற பழையனூரும் சொந்த ஊர். அவள் புருஷன் என்று காட்டியவனுக்கு ஒன்றும் ஆகாது என்று வாக்குக் கொடுத்த எழுபது வேளாளர்கள், அவனை அவள் கொன்றதும் தீக்குளித்ததாகச் சொல்லும் கதை அங்கே நடந்தது. அதே திருவாலங்காட்டைப் பாடித்தான் காரைக்கால் அம்மையார் தன்னைப் 'பேய்' என்று சொல்லிக்கொண்டார். அவருடைய மூத்த திருப்பதிகம் இரண்டும் சேர்த்து 22 பாட்டு, உரையோடு வாசித்தாலும் அரை மணி. சுடுகாட்டில் பேய்கள் ஆடுவதை இவ்வளவு பக்கத்தில் நின்று பார்த்து எழுதியவர் வேறு யாரும் எனக்குத் தெரிந்து இல்லை. பக்தி இலக்கியம் என்று கோயில் அலமாரியில் வைத்துவிட்டதால் பலர் இந்தப் பக்கமே வருவதில்லை.

நாட்டார் கதைகளைத் திரட்டிய புத்தகங்களுக்கு எங்கள் ஊர்க்காரரான அ. கா. பெருமாளைத் தேடுங்கள். 'சுண்ணாம்பு கேட்ட இசக்கி' என்ற தலைப்பே போதும். ராத்திரி வழியில் தனியாகப் போகிற ஆண்பிள்ளையிடம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்கிற பெண்ணைப் பற்றி ஆச்சி சொல்லாத நாள் கிடையாது. கொடுப்பதாக இருந்தால் கத்தி முனையில்தான் நீட்ட வேண்டும், விரலில் நீட்டினால் ஆள் போச்சு. எங்கள் பாட்டா மடியில் பாக்குவெட்டி இல்லாமல் ராத்திரி வெளியே இறங்கினதில்லை.

மனப்பிரமைக்காரர்களுக்கு முதல் புத்தகம், முதல் கதை, ஒன்றே ஒன்றுதான்: புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'. 1943இல் வந்தது. அரை மணிக்குள் முடியும். வீட்டுக்குள் வருகிற வாசனையை வைத்தே பயத்தைக் கட்டியிருப்பார். முடித்த பிறகு நடந்தது என்ன என்று வீட்டில் இரண்டு பேர் சண்டை போடலாம். அவர் 1948இல் கண்மூடியது எங்கள் ரயில் போய் நிற்கிற திருவனந்தபுரத்தில்தான் என்பது அந்தக் கதையை ரயிலில் வாசிக்கும்போது எனக்குக் கூடுதலாக ஒரு குளிர் தரும்.

குமரி மண்ணின் யட்சிகளை, அழகான பெண்ணாக வந்து ஆளை அடிக்கிற பேய்களை, எழுத்தில் பார்க்க வேண்டும் என்றால் ஜெயமோகனின் 'நிழல்வெளிக் கதைகள்'. ஒரு ராத்திரிக்கு ஒரு கதை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வேண்டாம், ஒன்றின் மேல் ஒன்று ஏறிவிடும்.

டார்ச் எடுக்கிறவர்களுக்குப் பழைய வாடகை நூலகக் காலத்துச் சரக்கு நிறைய இருக்கிறது. பி. டி. சாமியின் பேய் நாவல்கள், மலையாளத்திலிருந்து தமிழுக்கு வந்த கோட்டயம் புஷ்பநாத் நாவல்கள். 'மர்மதேசம்' டி.வி. தொடர் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்திரா சௌந்தர்ராஜனின் 'விட்டு விடு கருப்பா'. இலக்கியக்காரர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். கடைக் கணக்கை முடித்து எரிந்துபோன கண்ணோடு ரயில் ஏறுகிறவளுக்கு அடுத்த பக்கத்தைத் தானாகத் திருப்ப வைக்கிற புத்தகம்தான் மருந்து.

கலிங்கத்துப்பரணிக்கு வருகிறேன். ஜெயங்கொண்டார் 12ஆம் நூற்றாண்டில் முதலாம் குலோத்துங்கனின் கலிங்கப் போரைப் பாட உட்கார்ந்தார். பாதிப் புத்தகத்தைப் பேய்கள் பிடித்துக்கொண்டன. 'பேய்களைப் பாடியது' என்று ஒரு பகுதியே இருக்கிறது. அதில் கை முறிந்த பேய், நொண்டிப் பேய், குருட்டுப் பேய், ஊமைப் பேய், கூன் பேய் என்று ஒவ்வொன்றுக்கும் அதற்கு அந்தக் கதி எப்படி வந்தது என்று கதை உண்டு. பிறகு பசி தாங்காமல் காளியிடம் முறையிடுகின்றன. போர் முடிந்ததும் களத்தில் கூழ் காய்ச்சுகின்றன. கோரம்தான், ஆனாலும் பந்தியில் இடம் பிடிக்கிற சண்டையைப் பார்க்கிற மாதிரி சிரிப்பு வரும். உரையோடு கூடிய பதிப்பு எடுங்கள். பேய்களைப் பாடியது, பேய் முறைப்பாடு, களம் பாடியது மூன்றையும் முதலில் வாசித்துவிட்டு, அரசர் பரம்பரையை மார்கழிக்கு வைத்துக்கொள்ளலாம்.

பிள்ளைகளுக்கு விக்கிரமாதித்தன் கதை. பெரிய எழுத்துப் பதிப்பு கிடைத்தால் விடாதீர்கள். வேதாளம் ஒவ்வொரு முறையும் மரத்துக்குத் திரும்பிப் போய்விடுவதால் பிள்ளைகளைத் தூங்க அனுப்பவும் ஒரு இடம் கிடைக்கும்.

எல்லைக்கு அந்தப் பக்கம்

களியக்காவிளை தாண்டினால் பேய்க்குப் பஞ்சமே இல்லை. இங்கே பலருக்கு மலையாளம் பேச வரும், வாசிக்கத்தான் சோம்பல். தட்டுத்தடுமாறி வாசியுங்கள் என்றுதான் சொல்வேன். எழுத்துக் கூட்டி வாசிக்கும்போது வேகம் குறையும், வேகம் குறைந்தால் பயம் கூடும்.

கொட்டாரத்தில் சங்குண்ணியின் 'ஐதிஹ்யமாலை' 1909இலிருந்து எட்டுத் தொகுதிகளாக வந்தது. கடமற்றத்துக் கத்தனார் என்ற பாதிரியார் யட்சியை அடக்கிய கதையெல்லாம் அதில்தான் இருக்கிறது. மொத்தப் புத்தகத்தையும் வரிசையாக வாசிக்கப் பார்க்காதீர்கள். பொருளடக்கத்தில் யட்சி, மந்திரவாதி, கத்தனார் என்று கண்ணில் பட்டதைத் திறந்துகொள்ளுங்கள்.

பயமுறுத்துகிற பேயே வேண்டாம், கூட உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிற பேய் போதும் என்கிறவர்களுக்கு வைக்கம் முகம்மது பஷீரின் 'நீலவெளிச்சம்'. பேய்வீடு என்று தெரியாமல் வாடகைக்கு எடுத்துவிட்ட எழுத்தாளன், செத்துப்போன பார்கவியிடம் தினமும் பேச ஆரம்பிக்கிறான். 1964இல் 'பார்கவி நிலையம்' என்ற படமாகவும் வந்தது. கதையை வாசித்துவிட்டுப் படத்துக்குப் போங்கள், முந்தினால் பார்கவிக்கு நடிகையின் முகம் வந்துவிடும். பஷீருக்குத் தமிழில் நல்ல மொழிபெயர்ப்பாளராக எங்கள் குளச்சல் மு. யூசுப் வாய்த்தார். பஷீரின் நடைக்குப் பழக அவர் மொழிபெயர்த்த எதையாவது முதலில் வாசித்தாலும் நல்லது.

நாவலில் என் ஓட்டு மலயாற்றூர் ராமகிருஷ்ணனின் 'யட்சி'க்கு. 1967இல் வந்தது. அவர் பிறந்தது பாலக்காட்டுக் கல்பாத்தியில், தமிழ் பேசுகிற அக்கிரகாரத்தில். ஆய்வகத்தில் நடந்த விபத்தில் முகம் சிதைந்துபோன ரசாயன ஆசிரியர் சீனிவாசன். அந்த முகத்தையும் ஏற்றுக்கொண்டு வருகிறாள் ராகினி. இவ்வளவு அழகான பெண் எதற்காக என்னைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று அவனுக்கு ஒரு சந்தேகம். அவள் யட்சியா, இவன் மனசுதான் யட்சியா? தாழ்வு மனப்பான்மை எப்படிப் பேயாக மாறுகிறது என்று இதைவிடப் பக்கத்தில் போய்க் காட்டிய கதை நான் வாசித்ததில்லை.

போன ஐப்பசியில் இதை இரண்டாம் முறை எடுத்தேன். வெளியே நல்ல மழை, ரயிலில் எல்லா ஷட்டரும் இறக்கியாகிவிட்டது. பாறசாலை தாண்டியிருப்போம். ராகினி வருகிற பக்கத்தில் இருக்கும்போது கனத்த பூவாசனை ஒன்று பெட்டிக்குள் பரவியது. ஏழிலைப் பாலை பூக்கிறது ஐப்பசியில்தான், ராத்திரியில்தான் அதன் வாசனை தூக்கும், யட்சி குடியிருக்கிற மரம் என்று அதைத்தான் சொல்வார்கள். ஷட்டர் மூடியிருக்கும்போது வாசனை எங்கிருந்து வரும்? பக்கத்தைத் திருப்பவும் முடியவில்லை, திரும்பிப் பார்க்கவும் முடியவில்லை. குழித்துறையில் இறங்க எழுந்தபோதுதான் பார்த்தேன். பின் இருக்கையில் தோவாளை அக்கா ஒருத்தர் காலிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். கூடையின் அடியில் ஈரச்சாக்கும், விற்காமல் போன ஒரு கைப்பிடி பிச்சிப்பூவும்.

கடல் தாண்டிய பேய்கள்

அக்டோபரில் பேய்ப் புத்தகம் வாசிப்பது இங்கிலீஷ்காரர்களின் வழக்கம். அக்டோபர் 31 அவர்களுக்கு ஹாலோவீன், அதாவது நவம்பர் 1 சகல புனிதர் திருநாளுக்கு முந்தின சாயங்காலம். மறுநாள் நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அன்றைக்கு எங்கள் கடற்கரை ஊர்களில் கல்லறைகளைக் கழுவி, பூ வைத்து, அந்தியில் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். பூசணிக்காயில் கண் மூக்கு வெட்டுகிற திருவிழா ஏதோ அந்நியச் சரக்கு என்று நினைத்திருந்தேன். அதன் உறவுக்காரர்கள் நம் ஊர்க் கல்லறைத் தோட்டத்திலேயே இருக்கிறார்கள். இந்துக்களிலும் உண்டு. நாம் நரக சதுர்த்தசி என்று எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற அதே திதிக்கு வங்காளத்தில் பூத சதுர்த்தசி என்று பெயர். பதினான்கு விளக்கு ஏற்றி, பதினான்கு வகைக் கீரை சமைப்பார்கள்.

புதிதாக வருகிறவர்கள் ஜேக்கப்ஸ் 1902இல் எழுதிய 'குரங்கின் பாதம்' கதையில் தொடங்குங்கள். இந்தியாவிலிருந்து ஒரு பட்டாளத்துக்காரர் கொண்டுபோகிற காய்ந்த குரங்குப் பாதம், மூன்று வரம். அரை மணிக் கதை, பேய் கண்ணிலேயே படாது. கதவு தட்டுகிற சத்தம் மட்டும்தான். மழை ராத்திரியில் வாசித்தால் மின்வாரியத்துக்காரர் கதவைத் தட்டினாலும் திறக்க மாட்டீர்கள்.

அடுத்தது நேராக டிராகுலாவுக்குத்தான் எல்லாரும் போவார்கள். நில்லுங்கள். பிராம் ஸ்டோக்கரின் அந்த 1897ஆம் வருஷத்து நாவலில் 27 அதிகாரம். தினம் ஒன்று வைத்தாலும் ஐப்பசியில் இரண்டு மூன்று நாள்தான் மிஞ்சும். நான் மேலே சொன்ன டயரித் தந்திரத்துக்கு அது நல்ல உதாரணம்தான், மே 3இல் தொடங்கி நவம்பர் 6 வரை தேதி போட்ட டயரியும் கடிதமும் தந்தியுமாகவே போகிறது. ஆனாலும் நேரமில்லாதவர்கள் முதல் நாலு அதிகாரத்தை மட்டும் எடுங்கள். ஜோனதன் ஹார்க்கர் கோட்டைக்குள் மாட்டிக்கொண்ட டயரி அது, தனிக் குறுநாவலாகவே நிற்கும். தமிழ்ச் சுருக்கம் வாங்கினால் முதல் பக்கத்தில் தேதி இருக்கிறதா என்று பாருங்கள். டயரியை அழித்து, 'ஒரு ஊரில் ஒரு பிரபு' என்று மாற்றி எழுதியிருந்தால் இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

என்னைக் கேட்டால் டிராகுலாவை விட, அதற்கு 25 வருஷம் முன்னால், 1872இல் லெ ஃபானு எழுதிய 'கார்மில்லா' நமக்குச் சரிப்படும். 16 சின்ன அதிகாரம். ராத்திரியில் வருகிற அழகான பெண், அவள் வந்துபோனபின் உடம்பில் வற்றுகிற ரத்தம். எங்கள் ஆச்சிக்கு இதை வாசித்துக் காட்டியிருந்தால், "இது நம்ம இசக்கில்லா" என்றிருப்பாள்.

'ஃபிராங்கன்ஸ்டைன்' (1818) பயத்தைவிடத் துக்கம் அதிகம் தருகிற புத்தகம், அதனால் அதைப் பற்றி நீட்டவில்லை. ஆனால் அது பிறந்த கதை மழைக்கதை. 1815இல் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்துச் சாம்பல் வானத்தை மூடியதில், 1816இல் ஐரோப்பாவுக்கு வெயில் காலமே வரவில்லை. ஜெனீவா ஏரிக்கரையில் மழையில் அடைந்து கிடந்த நண்பர்கள் ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவது என்று போட்டி வைத்தார்கள். பதினெட்டு வயது மேரி அதில் தொடங்கியதுதான் இது. மழைக்கும் பேய்க்கும் உறவு நமக்கு மட்டும் இல்லை என்பதற்காகச் சொன்னேன்.

ஹென்றி ஜேம்ஸின் 'தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ' (1898) நல்ல கதை, ஆனால் ஐப்பசிக்கு வேண்டாம். ஒரு வாக்கியம் முடிவதற்குள் ரயில் பாலராமபுரம் தாண்டிவிடும்.

எங்கே எடுப்பது

பழைய புத்தகங்களுக்குக் காசு கொடுக்க வேண்டியதே இல்லை. புதுமைப்பித்தன் எழுத்துகள் நாட்டுடைமையானவை. அவர் கதைகளும், பரணியும், அம்மையார் பதிகமும் 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தில் போனிலேயே கிடைக்கும். டிராகுலா, கார்மில்லா, குரங்கின் பாதம் மூன்றும் ஆங்கிலத்தில் குட்டன்பர்க் திட்டத்தில் இலவசம். ஆனால் போனில் வாசிக்கிறவர்கள் டேட்டாவை அணைத்துவிடுங்கள். காஞ்சனை வாசல்படி ஏறுகிற நேரத்தில் 'சரக்கு வந்துட்டா?' என்று வாட்ஸாப் வந்தால் அவள் இறங்கிப் போய்விடுவாள்.

கையில் பிடிக்கிற புத்தகத்துக்கு நாகர்கோவில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. திருவனந்தபுரம் வந்துபோகிறவர்களுக்கு 1829இலிருந்து இருக்கிற பாளையம் நூலகத்தில் தமிழும் கிடைக்கும். மலையாளப் புத்தகத்துக்குப் பாறசாலைப் பக்கம் ஏதாவது ஊர்க் கிரந்தசாலை. 1945இல் பி. என். பணிக்கர் 47 நூலகங்களைச் சேர்த்துத் தொடங்கிய இயக்கத்தால் அங்கே ஊருக்கு ஊர் ஒன்று உண்டு. மழை நாளில் எடுத்தால் பிளாஸ்டிக் கவரும் கொண்டு போங்கள். பேய் நனையலாம், புத்தகம் நனைந்தால் நூலகர் விடமாட்டார்.

எடுப்பதற்கு முன் ஒரு சோதனை. நடுவில் ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து வாய்க்குள் முணுமுணுத்து வாசியுங்கள். ஒரே பக்கத்தில் 'பயங்கரம்', 'திகில்', 'அமானுஷ்யம்' மூன்றும் வந்தால் எழுதினவருக்கே நம்பிக்கை இல்லை என்று அர்த்தம். பூட்டாத கதவு, குறைந்திருக்கிற எண்ணெய், நாய் குரைக்காத தெரு என்று போனால் எடுத்துக்கொள்ளலாம்.

எப்போது வாசிப்பது

நடுராத்திரியில்தான் வாசிக்க வேண்டும் என்று சட்டம் கிடையாது. மறுநாள் வேலைக்குப் போகிறவர்கள் பத்தரைக்கு மூடிவிடுங்கள். ஒரே ஒரு நிபந்தனைதான், கதையின் கடைசிப் பக்கத்தை அன்றைக்கே பார்த்துவிட வேண்டும். கரண்டு போய்விடுகிற மாதம் என்பதால் சார்ஜ் ஏற்றிய விளக்கு ஒன்று தலைமாட்டில் இருக்கட்டும். பயம் அதிகமாகிவிட்டால் அடுக்களைக்குப் போய் ஒரு முந்திரிக்கொத்தைக் கடியுங்கள். அதைக் கடிக்கிற சத்தத்தில் வேறு சத்தம் காதில் விழாது.

கார்த்திகை ஒன்றாம் தேதி என் வீட்டுக்காரர் சபரிமலைக்கு மாலை போடுவார். மாலை போட்ட வீட்டில் பேய்ப் புத்தகம் கிடக்கக் கூடாது என்பது மாமியின் சட்டம். ஐப்பசி கடைசி நாள்தான் எனக்கு நூலகத்துக்குத் திருப்பிக் கொடுக்கிற நாள். ஒரே ஒரு வருஷம் கடை வேலையில் மறந்துபோனேன். யட்சி 41 நாளும் அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளிந்திருந்தாள். நூலகத்துக்கு அபராதம் கட்டினேன். மாமிக்கு இன்றுவரை தெரியாது.